மும்மொழித் தோழமை: பெங்களூர் நாகரத்தினம்மாள்

இசைக் கலைஞரின் பெயருக்கு முன் ஊர்ப்பெயரை வைத்து வழங்குவது நம் நாட்டில் நெடுங்கால வழக்கு. அரியக்குடி என்றால் இராமானுச ஐயங்கார். முசிறி என்றால் சுப்பிரமணிய ஐயர். செம்மங்குடி என்றால் சீனிவாச ஐயர். ஊரைச் சொன்னாலே ஆள் விளங்கிவிடும். இவ்வாறு புகழ்பெற்ற ஊர்களுட் பல காவிரிப் படுகையைச் சேர்ந்தவை. அவற்றினிடையே கன்னட நாட்டுப் பெருநகரின் பெயரைத் தாங்கி நிற்பவர் வித்தியாசுந்தரி பெங்களூர் நாகரத்தினம்மாள். கன்னட நாட்டில் பிறந்து, தெலுங்கு இலக்கியத்துக்கு உழைத்து, தமிழ்நாட்டு ஆற்றங்கரையில் தம் செல்வம் முழுவதையும் செலவிட்டு, அங்கேயே அடங்கியவர் அவர்.

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் இவரைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. பாகலூர் ஓசூருக்கும் மாலூருக்கும் இடைப்பட்ட ஊர். இங்கே சந்தையில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என வாழ்வது புதுமையன்று. நம் வட்டத்தில் தமிழில் கவிதை எழுதுவோருள்ளும் தாயிடம் தெலுங்கிலோ கன்னடத்திலோ பேசுவோர் உண்டு. ஆயினும் 1991-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2016-ஆம் ஆண்டு செப்டம்பரிலும் காவிரி நீரின் பொருட்டுப் பெங்களூரில் கலவரம் மூண்டபோது, எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் உள்ளவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் ஐயத்தோடு நோக்கியதையும் மறுப்பதற்கில்லை. அண்டை மொழியாரோடு கூடிக் கலை வளர்ப்பது எவ்வாறு, அதற்கு யார் எதனைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்னும் வினாக்கள் நமக்கு ஏட்டு வினாக்கள் அல்ல. நாகரத்தினம்மாளின் வாழ்க்கை அவற்றுக்குத் தெளிவான விடை தருகிறது.

கபிலைக் கரையில்

நாகரத்தினம்மாள் 1878-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் நஞ்சன்கூட்டில் பிறந்தார். கபிலை என்று வழங்கும் கபினி ஆற்றங்கரையில் உள்ள சிவத்தலம் அது. அன்னையார் புட்டலட்சுமி, தேவதாசி மரபினர். தந்தையின் துணை குழந்தைப் பருவத்திலேயே இல்லாமற் போயிற்று. மகளைக் கல்வியிலும் கலையிலும் ஒருசேர வல்லவளாக்கிவிட வேண்டும் என்பது அந்த அன்னையின் உறுதி. மைசூரில் கிரிபட்ட திம்மய்யா என்னும் வடமொழிப் புலவரிடம் சிறுமி பாடங்கேட்டாள். கற்பதில் அவளுக்கிருந்த விரைவு கண்டோரை வியக்க வைத்தது. ஆனால் அந்தப் புலவரின் ஆதரவு இடையிலேயே நின்றுபோயிற்று. அன்னையும் மகளும் மைசூரை விட்டு வெளியேறிப் பெங்களூரை அடைந்தனர். அங்கே வயலின் கலைஞரான உறவினர் வேங்கடசாமப்பாவின் ஆதரவில் இசைப்பயிற்சி தொடர்ந்தது.

பெங்களூரில் வாய்த்த ஆசிரியர் முனிசாமப்பா. அவர் வாலாஜாபேட்டைக் கிருஷ்ணசுவாமி பாகவதரின் மாணாக்கர். கிருஷ்ணசுவாமி பாகவதரோ தியாகராசரிடம் நேரே கற்ற வேங்கடரமண பாகவதரின் புதல்வர். இந்தக் குருவழியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தியாகராசர் திருவாரூரிற் பிறந்து திருவையாற்றில் வாழ்ந்த தெலுங்குக் குடும்பத்தினர். அவர் பாடல்களைச் சுவடிகளில் எழுதிக் காத்த வேங்கடரமண பாகவதர் சௌராஷ்டிர மொழியினர். அவருடைய மகனிடம் பயின்றவர் பெங்களூரில் ஆசிரியராக விளங்கியவர். அவரிடம் பயின்றவர் நஞ்சன்கூட்டுச் சிறுமி. காவிரிக் கரையில் எழுந்த இசை பாலாற்றங்கரை வழியாகக் கன்னட நாட்டை அடைய மூன்று தலைமுறை ஆயிற்று. எந்தத் தலைமுறையிலும் கற்பித்தவரும் கற்றவரும் ஒரே மொழிக் குடியினராக இருக்க வேண்டும் என்னும் நிபந்தனை எழவில்லை.

பதினைந்து வயது நிரம்புமுன்பே அன்னையை இழந்தார் நாகரத்தினம். இசையரங்குகளும் மைசூர் அரண்மனையின் ஆதரவும் மெல்ல வந்து சேர்ந்தன. பெங்களூரில் நீதிபதியாக விளங்கிய நரஹரி ராவ் அவருக்குப் புரவலராக அமைந்தார். பின்னர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னைக்குக் குடிபெயர்ந்தார்.

சென்னை வாழ்வு

அந்நாளில் சென்னை நகரத்து இசையின் இருப்பிடம் ஜார்ஜ் டவுன். வீணை தனம்மாள் அங்கேதான் வாழ்ந்தார். செட்டியார்களும் முதலியார்களும் வழக்கறிஞர்களும் புரவலர்களாக இருந்தனர். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கின. நாகரத்தினம்மாளின் அரங்குகளில் தெலுங்குக் கீர்த்தனைகளோடு வடமொழிச் சுலோகங்களும் கன்னடத் தேவர்நாமாக்களும் இடம்பெற்றன. இசைத்தட்டுகளிலும் அவர் குரல் பதிவாயிற்று. ஊர் ஊராகச் சென்று பாடிப் பெரும்பொருள் ஈட்டினார். சென்னையில் வருமான வரி செலுத்திய முதற் பெண் கலைஞர்களுள் ஒருவர் என்று அவரைக் குறிப்பிடுவர்.

புகழும் பொருளும் பெற்ற பாடகியர் அக்காலத்தில் வேறு பலரும் இருந்தனர். அவர்களினின்று இவரை வேறுபடுத்துவது இவருடைய படிப்பு. கச்சேரி இல்லாத நாள்களில் காவியங்களை வாசித்தார். புலவர்களை அழைத்து உரை கேட்டார். அந்த வாசிப்பே அவரை ஒரு பெரும் பூசலுக்குள் இழுத்துச் சென்றது.

முத்துப்பழனியோடு கொண்ட நட்பு

தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர் பிரதாபசிம்மர் காலத்தில், அஃதாவது பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அரசவையை அணிசெய்த கணிகையருள் முத்துப்பழனி ஒருவர். பெயரைப் பார்த்தால் தமிழ்ப் பெயர், எழுதியது தெலுங்கில், ஆதரித்த அரசர் மராத்தியர். அவர் இயற்றிய 'ராதிகா சாந்த்வனம்' கண்ணன்பால் ஊடல்கொண்ட ராதையை அவன் தணிவிப்பதைப் பாடும் சிருங்காரக் காவியம். தம் தாய்வழி முன்னோர்களையும் தம் புலமையையும் அந்நூலில் முத்துப்பழனி தயக்கமின்றிப் போற்றிக்கொள்கிறார்.

இந்நூலைப் பற்றிய பாராட்டு ஒன்றை வேறொரு நூலிற் கண்ட நாகரத்தினம்மாள் அதனைத் தேடத் தொடங்கினார். 1887-இல் அச்சான பதிப்பு ஒன்று கிடைத்தது. அதில் பதிப்பாசிரியர் சில பகுதிகளை விலக்கிவிட்டதை ஏட்டுச் சுவடியோடு ஒப்பிட்டு அறிந்தார். காவியத்தை எழுதியவர் பெண் என்பதும் கணிகை என்பதும் மறைக்கப்பட்டிருந்தன. தெலுங்கு நாட்டுச் சீர்திருத்தப் பெரியார் கந்துகூரி வீரேசலிங்கம் தம் கவிஞர் வரலாற்றில் முத்துப்பழனியைக் கடுமையாகக் கண்டித்திருந்தார். பெண்கள் செவியால் கேட்கவும் தகாதவை அந்நூலில் உள்ளன என்பது அவர் கருத்து. நாகரத்தினம்மாள் முழுமையான பதிப்பு ஒன்றைத் தாமே உருவாக்கினார். 1910-இல் சென்னை வாவிள்ள ராமசாமி சாஸ்திரிகள் நிறுவனம் அதனை வெளியிட்டது. முன்னுரையில் வீரேசலிங்கத்துக்கு நேரடியாக விடை எழுதினார். நாணம் என்பது பெண்ணுக்கு மட்டும் உரியதா, அதே சிருங்காரத்தை ஆடவர் விரித்துப் பாடிய நூல்களை அவரே பார்வையிட்டு அச்சேற உதவியது எவ்வாறு என்பவை அம்முன்னுரையின் சாரம். புலவர் உலகில் ஒரு பெண், அதிலும் தேவதாசி மரபைச் சேர்ந்த பெண், இவ்வாறு வினவியதை அக்காலம் எளிதில் பொறுக்கவில்லை.

1911-இல் நூலின் மீது அரசின் நடவடிக்கை பாய்ந்தது. காவலர்கள் பிரதிகளைக் கைப்பற்றினர். வாவிள்ள நிறுவனத்தார் பின்வாங்கவில்லை. அறிஞர் பலரும் அவர்கள் பக்கம் நின்று அரசுக்கு விண்ணப்பித்தனர். பயன் உடனே விளையவில்லை. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, தங்குடூரி பிரகாசம் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தபோதுதான் தடை நீங்க வழி பிறந்தது. 1952-இல் புதிய பதிப்பும் வந்தது.

இங்கே தமிழ் பயின்றோர்க்கு ஒரு செய்தி நினைவுக்கு வரும். நட்புக்கு நேரிற் பழகுதல் இன்றியமையாதது அன்று, ஒத்த உணர்வே அந்த உரிமையைத் தந்துவிடும் என்பது வள்ளுவர் கருத்து. பரிமேலழகர் அக்குறளுக்குக் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் சான்று காட்டுவார். பாண்டி நாட்டுப் புலவர் ஒருவர், தாம் அதுவரை கண்டிராத சோழ மன்னன் வடக்கிருந்தபோது அவனுக்கென ஒதுக்கிய இடத்தில் வந்து உயிர்நீத்த வரலாறு அது. நாகரத்தினம்மாளுக்கும் முத்துப்பழனிக்கும் இடையே கிடந்தது ஒன்றரை நூற்றாண்டு. ஆனால் கலையை வாழ்வாகக் கொண்ட பெண்ணுக்கு அவள் பிறப்பைக் காட்டிப் புலமையை மறுப்பது எத்தகைய துன்பம் என்பதை இருவரும் அறிவர். அந்த அறிவு இருவரையும் நண்பராக்கியது. மறைந்துபோன தோழியின் பெயரை நூலின் முகப்பில் மீட்டு நிறுத்துவதற்காகத் தம் நற்பெயரை ஈடுவைத்தார் நாகரத்தினம்மாள்.

மைசூரிலிருந்து ஒரு கடிதம்

நாகரத்தினம்மாளின் வாழ்வில் இரண்டாவது பெருந்திருப்பம் 1921-இல் நேர்ந்தது. மைசூர் அரண்மனை வித்துவான் பிடாரம் கிருஷ்ணப்பாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கொங்கணி மொழிக் குடும்பத்திற் பிறந்து மைசூரில் புகழ்பெற்றவர் கிருஷ்ணப்பா. வயலின் மேதை சௌடய்யாவின் குருநாதர். நாகரத்தினம்மாள் அவரிடம் பெருமதிப்புக் கொண்டிருந்தார். திருவையாற்றில் தியாகராசரின் சமாதி கேட்பாரற்றுச் சிதைந்து கிடப்பதைக் கண்டு வருந்திய கிருஷ்ணப்பா அதனைச் சீர்செய்ய ஏதேனும் செய்யலாகாதா என்று எழுதியிருந்தார்.

தியாகராசர் 1847-இல் தைத் தேய்பிறை ஐந்தாம் நாளில் மறைந்தார். இறுதியில் துறவு பூண்டிருந்தமையால் காவிரிக் கரையில் அவருக்குச் சமாதி அமைந்தது. சில பத்தாண்டுகளில் இடமே மறையும் நிலை வந்தது. 1903-இல் அவருடைய மாணாக்கர்களான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அதனைப் புதுப்பித்து ஆராதனைக்கு வழிகோலினர். பின்னர் ஆராதனை நடத்துவதில் கருத்து வேறுபாடு தோன்றி, பெரிய கட்சி, சின்னக் கட்சி என இரு பிரிவாயிற்று. இரு கட்சியினரும் தனித்தனியே விருந்து வைத்தனர். தனித்தனியே பந்தல் போட்டுப் பாடினர். சமாதியோ வெயிலிலும் மழையிலும் கிடந்தது.

கடிதம் கண்ட நாகரத்தினம்மாள் திருவையாற்றுக்குப் புறப்பட்டார். நிலத்துக்கு உரியவர்களிடம் பேசி இசைவு பெற்றார். பாடி ஈட்டிய பொருளையும் நகைகளையும் செலவிட்டுச் சமாதியின்மேல் கோயில் எழுப்பினார்; தியாகராசர் திருவுருவத்தையும் நிறுவினார். 1925-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் குடமுழுக்கு நிகழ்ந்தது. தியாகராசருக்கு நூற்றெட்டுத் திருப்பெயர்களைக் கொண்ட வடமொழி நாமாவளியையும் அவரே இயற்றினார். இன்று ஆண்டுதோறும் இசையுலகம் கூடி வணங்கும் அந்த இடம், மைசூரில் இருந்த ஒருவர் எழுத, சென்னையில் இருந்த ஒருவர் கொடுக்க, தஞ்சை மண்ணில் எழுந்தது.

பின்புறத்துப் பந்தல்

கோயிலைக் கட்டியவருக்கு அக்கோயிலின் முன் அமர்ந்து பாடும் உரிமை கிடைக்கவில்லை. இரு கட்சியினரின் விழாக்களிலும் பெண்கள் பாட இடமில்லை. பெண்கள் என்றால் அந்நாளில் மேடையேறிப் பாடியோர் பெரும்பாலும் தேவதாசி மரபினர். சாதியும் பாலும் சேர்ந்து எழுப்பிய சுவர் அது. அதனைக் காத்து நின்றவர்களுள் தாமே அத்தகைய விலக்குகளை வேறிடங்களிற் சந்தித்த கலைஞர்களும் இருந்தனர் என்பது வருந்தத்தக்க உண்மை.

நாகரத்தினம்மாள் வழக்காடி நேரத்தைக் கழிக்கவில்லை. குடமுழுக்கை அடுத்த ஆண்டுகளில் கோயிலின் பின்புறத்தில் தாமே ஒரு பந்தலை அமைத்தார். பல ஊர்களிலிருந்தும் பாடகியரை வரவழைத்தார். தமிழ்நாட்டவரும் ஆந்திர நாட்டவரும் கன்னட நாட்டவரும் ஒரே பந்தலில் அமர்ந்து பாடினர். பெண்கள் கதாகாலட்சேபம் செய்தனர். பெண்கள் கட்சி என்றே ஊரார் அதற்குப் பெயர் வைத்தனர். முன்புறத்தில் இரு கட்சிகள், பின்புறத்தில் ஒரு கட்சி என ஒரே மகானுக்கு மூன்று விழாக்கள் நடந்தன. அவற்றுள் எவரையும் விலக்காமல் நடந்தது பின்புறத்து விழா ஒன்றே. பின்னர்ச் சென்னை வாழ்வைத் துறந்து திருவையாற்றிலேயே எளிய கோலத்தில் தங்கிவிட்டார்.

கலை வரலாறு எழுதுவோர் இப்பகுதியை ஒரு பெண்ணின் பக்தி என்று சொல்லிக் கடந்துவிடுவதுண்டு. பக்தி இருந்தது, ஐயமில்லை. அதனோடு அமைப்புத் திறனும் இருந்தது. பல மொழிக் கலைஞர்களை ஆண்டுதோறும் ஒரு சிற்றூருக்கு வரவழைத்து, உணவும் உறையுளும் அளித்து, முன்பின் வரிசையில் மனத்தாங்கல் நேராமல் பாடவைத்து அனுப்புவது எளிய செயலன்று. ஓர் ஆண்டு விழா நடத்திய நம் வட்டத்தார் அதனை நன்கறிவர்.

நட்பு எட்டாத இடம்

வரலாற்றை எழுதும்போது வேண்டியவற்றை மட்டும் எடுத்துக்கொள்வது முறையன்று. 1927-இல் சென்னைச் சட்டமன்றத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கும் முயற்சியைத் தொடங்கினார். அதனை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களுள் நாகரத்தினம்மாளும் வீணை தனம்மாளும் இருந்தனர். தங்கள் மரபு கலையையும் கல்வியையும் சொத்துரிமையையும் பெண்ணுக்குத் தந்தது என்றும், அதனை முற்றாக இழிவென்று சட்டம் எழுதுவது தகாது என்றும் அவர்கள் வாதிட்டனர்.

மறுபக்கத்தில் நின்றவர் முத்துலட்சுமி ரெட்டி மட்டுமல்லர். அதே மரபில் வாழ்ந்து, அதன் துன்பத்தை உடலால் அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் ஒழிப்பின் பக்கமே நின்றார். 1936-இல் அதனைப் பொருளாக வைத்து நாவலும் எழுதினார். பெயரும் பொருளும் பெற்ற சிலருக்கு அம்மரபு தந்த உரிமையை, பெயரில்லாத பலருக்கு அது தரவில்லை. 1947-இல் சட்டம் நிறைவேறியது. அது நிறைவேறியது நன்றே. ஆயினும் சட்டம் வந்தபின் கலை வேறு வீடுகளுக்குப் போய் மதிப்புப் பெற்றதும், அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த பெண்கள் பெயரின்றிப் போனதும் நாம் கண்ட உண்மைகள். முத்துலட்சுமி ரெட்டியும் நாகரத்தினம்மாளும் அமர்ந்து பேச ஒரு பொதுத்திண்ணை அக்காலத்தில் அமையவில்லை. மொழியைக் கடந்து அத்தனை பேரை நண்பராகக் கொண்ட ஒருவருக்கும் கடக்க இயலாத ஓர் இடம் இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஒன்றான விழா

1940-களின் தொடக்கத்தில் திருவையாற்றுக் கட்சிகள் ஒன்றாயின. அரசு அலுவலரான எஸ்.ஒய். கிருஷ்ணசுவாமி, முசிறி சுப்பிரமணிய ஐயர் முதலியோர் இதற்கு முயன்றனர். நாகரத்தினம்மாள் தம் பந்தலைக் கலைத்து ஒரே விழாவுக்கு இசைந்தார். பதினைந்து ஆண்டுகளாகத் தனித்து நடத்தி வளர்த்த ஒன்றை விட்டுக்கொடுப்பது யார்க்கும் அரிது. ஆனால் அவர் வெறுங்கையோடு இசையவில்லை. பெண்கள் முன்புறத்தில் அமர்ந்து பாடும் உரிமை அந்த ஒற்றுமையோடு சேர்ந்தே வந்தது. ஐந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளையும் அனைவரும் கூடிப் பாடும் வழக்கமும் ஒன்றுபட்ட விழாவில்தான் நிலைபெற்றது.

அதே ஆண்டுகளில் தமிழிசை இயக்கம் எழுந்தது. மேடையில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்னும் குரல் வலுத்து, 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. அக்குரலில் நியாயம் இருந்தது. தமிழ் மண்ணில் தமிழ்ப் பாட்டுக்கு இடங்கேட்க வேண்டியிருந்ததே ஒரு குறை. அந்த இயக்கத்தைப் போற்றுவோரும் நாகரத்தினம்மாளைப் போற்றலாம். விலக்கப்பட்டோர்க்கு மேடை கேட்பதுதான் இரண்டிடத்திலும் நிகழ்ந்தது. ஓரிடத்தில் விலக்கப்பட்டது மொழி. மற்றோரிடத்தில் விலக்கப்பட்டது பெண்.

1949-இல் நாகரத்தினம்மாள் தம் விருப்ப ஆவணத்தை எழுதிவைத்தார். எஞ்சிய உடைமைகளைச் சமாதிப் பணிக்கு உரிமையாக்கினார். சாதி சமய வேறுபாடின்றி அனைவரும் அங்கு வந்து வழிபடலாம் என்றும், பெண்கள், அவர்களுள் தேவதாசி மரபினர் உட்பட, அங்குப் பாடுவதற்குத் தடை இருத்தலாகாது என்றும் அதில் வகைசெய்தார். தம் காலத்தில் கிடைத்த உரிமை தம்மோடு போய்விடலாகாதே என்னும் கவலை அந்த ஆவணத்தில் தெரிகிறது. நட்பினால் பெற்றதையும் எழுத்தில் பதிவுசெய்து வைக்க வேண்டும் என்று அவருக்கு வாழ்க்கை கற்பித்திருந்தது.

1952-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் அவர் மறைந்தார். தியாகராசர் சமாதிக்கு எதிரே அவருக்கும் சமாதி அமைந்தது. கைகூப்பி அமர்ந்த கோலத்தில் அவர் உருவம் அங்கே இருக்கிறது. நாற்பதாண்டுக்கு முன் அவர் பதிப்பித்த காவியம் மறுபடியும் அச்சேறியது அதே ஆண்டில் என்பது எண்ணத்தக்கது.

நமக்குரியது

நாகரத்தினம்மாள் தமிழ்நாட்டில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வாழ்ந்தார். அக்காலம் முழுவதும் தம் பெயருக்கு முன் நின்ற ஊரை அவர் நீக்கிக்கொள்ளவில்லை, மரபையும் மறைக்கவில்லை. திருவையாற்று மக்களும் நீக்கச் சொல்லவில்லை. வேற்றூரார் என்று தெரிந்தே அவரைத் தம் ஊரின் காவலராக ஏற்றனர். வேறுபாட்டை மறந்து பழகுவதே ஒற்றுமை என்று நாம் மேடைகளிற் பேசுகிறோம். அவர் வாழ்க்கை காட்டுவது வேறு. அவரோடு சேர்ந்து பணியாற்றியோர் வேறுபாட்டைக் கண்முன் வைத்துக்கொண்டே பழகினர். வாவிள்ள நிறுவனத்தார் தாம் யாருடைய நூலை யாருடைய பெயரில் வெளியிடுகிறோம் என்பதை அறிந்தே வெளியிட்டனர். கிருஷ்ணப்பா தாம் யாருக்கு எழுதுகிறோம் என்பதை அறிந்தே எழுதினார். ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை இழக்கத் துணிந்தனர்: ஒருவர் வாணிகத்தை, ஒருவர் செல்வத்தை, ஒருவர் தம் மேடையின் தனியுரிமையை.

பத்தாண்டு நிறைவுறும் நம் வட்டத்துக்கும் இது பொருந்தும். கன்னடக் கவிஞர் ஒருவரை அழைத்து மாலை சூட்டி அனுப்புவது நற்பழக்கமே. அவர் கவிதையை நாம் தமிழாக்கி அச்சிடுவதும், நம் கவிதையை அவர் கையில் ஒப்படைப்பதும், நம் மலரின் பக்கங்களில் சிலவற்றை அதற்கென விடுவதும் அதனினும் கடினம். அடுத்த பத்தாண்டில் அக்கடினமான பணியை நாம் மேற்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பெண்கள் தமிழில் எழுதத் தொடங்கும்போது, அவர்களுக்கு முன்வரிசையில் இடம் இருக்கிறதா என்பதையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நஞ்சன்கூட்டைக் கடந்து வரும் கபிலை, திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியோடு கலக்கிறது. அந்நீர் ஒகேனக்கல்லில் தமிழ்நாட்டை அடைந்து, மேட்டூரைக் கடந்து, திருவையாற்றுப் படித்துறையைத் தொடுகிறது. நாகரத்தினம்மாள் பிறந்த கரையும் அடங்கிய கரையும் அந்த ஒரே நீரோட்டத்தின் கரைகளே. அந்த நீரின் பங்கீட்டை நீதிமன்றங்களும் அரசுகளும் முடிவு செய்யட்டும். அதன் கரையில் அவர் விட்டுச்சென்ற பந்தலைக் காப்பது கவிஞர்களாகிய நம் கடமை.